எழுத்துக்கும் ஓய்வு வயது வேண்டும்

உயரமான கட்டடங்களின் உச்சியில் இரவெல்லாம் ஒளிர்கிற பெயர்ப் பலகைகளுக்கு ஓய்வு வயது ஒன்றை நிர்ணயிக்க வேண்டும் என்பது என் கட்சி. எனக்கு 58 வயதில் ஓய்வு கொடுத்தார்கள். மாலை போட்டு, சுவர்க் கடிகாரம் ஒன்றும் கொடுத்து வீட்டுக்கு அனுப்பி வைத்தார்கள். அதற்கு முன் 33 ஆண்டுகள் நான் வரைந்தும் கணக்குப் போட்டும் மேலே ஏற்றிய எழுத்துகளில் சில இன்னும் அதே இடத்தில் நிற்கின்றன. அவற்றுக்கு எப்போது ஓய்வு என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் இல்லை. விளக்கு எரிகிற வரை இருக்கட்டும் என்பதுதான் நடைமுறை. இந்த நடைமுறை ஆபத்தானது. ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் இந்த எழுத்துகள் எப்படி நிற்கின்றன என்பதைப் பார்ப்போம். சாலையில் போகிறவருக்குத் தெரிவது முகம் மட்டும். முன்னால் அக்ரிலிக், பக்கவாட்டில் அலுமினியத் தகடு, உள்ளே எல்.இ.டி. விளக்குகள். இவ்வளவும் சேர்ந்தது ஓர் எழுத்து. இந்த எழுத்துகள் எல்லாம் பின்னால் இருக்கும் ஓர் இரும்புச் சட்டத்தில் உட்கார்ந்திருக்கும். ஆங்கிள் இரும்பிலோ சதுரக் குழாயிலோ செய்த சட்டம். அந்தச் சட்டத்துக்குக் கால்கள் உண்டு. ஒவ்வொரு காலுக்கும் அடியில் ஒரு தகடு, தகட்டில் நான்கு போல்ட்டுகள், போல்ட்டுகள் இறங்கியிருப்பது கட்டடத்தின் கான்கிரீட்டில். விளம்பரத்துக்குச் செலவு செய்கிறவர் முகத்தைப் பார்த்துத்தான் செலவு செய்கிறார். பலகை நிற்பதோ விழுவதோ அந்தப் போல்ட்டுகளில்தான் இருக்கிறது.

எழுத்தின் அளவுக்கு எங்கள் தொழிலில் ஒரு கைக்கணக்கு உண்டு. ஓர் அங்குல உயரம் என்றால் பத்தடி தூரத்திலிருந்து சுகமாகப் படிக்கலாம். கால் கிலோமீட்டர் தள்ளி மேம்பாலத்தில் வருகிறவர் சிரமமில்லாமல் படிக்க வேண்டுமானால் ஏறக்குறைய ஏழடி எழுத்து வேண்டும். தமிழுக்கு இன்னும் கொஞ்சம் கூடும். ஆங்கிலப் பெரிய எழுத்துகள் எல்லாம் ஒரே உயரம், கோடு போட்டது போல நிற்கும். தமிழில் மேலே கொக்கி, கீழே சுழி, தலைக்கு மேல் புள்ளி என்று மூன்று அடுக்கு. ‘கி’க்கு மேலேயும் ‘கு’வுக்குக் கீழேயும் இடம் விட்டால் நடு உடம்பு சிறுத்துப் போகும். அதனால் ஒரே பெயரை இரண்டு மொழியிலும் வைக்கும்போது தமிழ் வரிக்கு உயரம் கூடுதலாகக் கேட்போம். இரண்டுக்கும் ஒரே அளவு போதாதா என்று வாடிக்கையாளர் கேட்பார். வரைந்து காட்டிய பிறகுதான் ஒப்புக்கொள்வார்.

புள்ளியைப் பற்றி ஒரு வார்த்தை. மெய்யெழுத்தின் உடம்பைப் பத்து இடத்தில் பிடித்திருப்போம். புள்ளி தனித் துண்டு. அதைப் பிடிப்பது இரண்டு மூன்று கம்பிகள்தான். நாள்பட்ட பலகையில் முதலில் ஆடத் தொடங்குவது பெரும்பாலும் அதுதான். ஊரில் புள்ளி விழுந்த பெயர்ப் பலகைகளைப் பார்த்துச் சிரித்திருப்பீர்கள். புள்ளி எங்கே விழுந்தது, கீழே யார் இருந்தார்கள் என்று நான் யோசிப்பேன். ஐம்பது மீட்டர் உயரத்திலிருந்து கால் கிலோ எடையுள்ள ஒரு போல்ட் விழுந்தால், தரையைத் தொடும்போது அதன் வேகம் மணிக்கு நூறு கிலோமீட்டரை ஒட்டி இருக்கும். ஹெல்மெட் போட்டவருக்கும் அது எமன்தான்.

பலகை எடை தாங்காமல் விழும் என்று பலர் நினைக்கிறார்கள். எழுத்தின் எடை பெரிய விஷயமே இல்லை. பயப்பட வேண்டியது காற்றுக்கு. நம் நாட்டில் காற்றுச் சுமைக்கு ஐ.எஸ். 875, மூன்றாம் பகுதி என்று ஒரு தர நிர்ணயம் இருக்கிறது. ஊருக்கு ஊர் எந்தக் காற்றுக்குக் கணக்குப் போட வேண்டும் என்று அதில் அட்டவணை உண்டு. சென்னைக்கு நொடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். மும்பைக்கு 44. மதுரைக்கும் கோவைக்கும் 39. பெங்களூருக்கு 33. பார்வைக்கு வித்தியாசம் சின்னதாகத் தெரியும். ஆனால் காற்றின் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். பெங்களூரில் ஒரு பலகைக்கு வரும் அழுத்தத்தைப் போல இரண்டேகால் மடங்குக்கு மேல் சென்னையில் வரும். பெங்களூரில் போட்ட வரைபடத்தைச் சென்னைக்கும் அப்படியே அனுப்பும் நிறுவனங்களோடு நான் போட்ட சண்டைகளைத் தனியாக ஒரு கட்டுரையாக எழுதலாம்.

எண்ணில் சொன்னால் நன்றாகப் புரியும். சென்னைக் கணக்கில் ஒரு சதுர மீட்டருக்கு அடிப்படை அழுத்தம் சுமார் 150 கிலோ. மூன்று மீட்டர் உயரம், இரண்டு மீட்டர் அகலத்தில் ஒரு நிறுவனத்தின் சின்னம் இருக்கிறது என்று வையுங்கள். எடை நூறு கிலோ இருந்தால் அதிகம். புயல் நாளில் அதைக் காற்று தள்ளுவதோ 900 கிலோவால். மாடி உயர உயர இது இன்னும் கூடும். அந்தத் தள்ளல் சட்டத்தைக் கவிழ்க்கப் பார்க்கும். முன்கால் அழுந்தும், பின்கால் மேலே பிடுங்கும். பின்கால் போல்ட்டுகள் அந்தப் பிடுங்கலைத் தாங்க வேண்டும். அதனால்தான் மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் சட்டத்தைப் பிடிக்கவே கூடாது என்று தலைதலையாய் அடித்துக்கொள்வோம். அது செங்கல் சுவர். தூணிலோ உத்தரத்திலோதான் பிடிக்க வேண்டும்.

புதிதாக ஏற்றும்போது இதையெல்லாம் ஓரளவுக்குப் பார்க்கிறார்கள். பொறியாளர் கையெழுத்து கேட்கிறார்கள், வரைபடம் கேட்கிறார்கள். என் கவலை அதற்கடுத்த இருபது ஆண்டுகளைப் பற்றியது.

நியான் காலத்தில் நிலைமை வேறு. பிரான்ஸ் நாட்டு ஜார்ஜ் கிளாட் 1910-ல் பாரிஸ் மோட்டார் கண்காட்சியில் நியான் விளக்கைக் காட்டினார். அதிலிருந்து சுமார் நூறு ஆண்டு, இரவு நகரம் என்றால் நியான்தான். கண்ணாடிக் குழாயைத் தீயில் காட்டி வளைத்து, காற்றை உறிஞ்சி எடுத்து, வாயுவை அடைப்பார்கள். நியான் அடைத்தால் ஆரஞ்சு கலந்த சிவப்பு. ஆர்கானும் துளி பாதரசமும் சேர்ந்தால் நீலம். ஒரு டிரான்ஸ்ஃபார்மர் 15,000 வோல்ட் வரை கொடுக்கும். அழகு என்றால் அப்படி ஓர் அழகு. தொல்லை என்றாலும் அப்படி ஒரு தொல்லை. மழை பெய்தால் பொறி தட்டும், காக்கை உட்கார்ந்தால் குழாய் உடையும், ஒரு மாதம் முழுசாக எரிந்தால் ஆச்சரியம். பெயரில் ஓர் எழுத்து அணைந்துவிட்டால் மறுநாள் காலை முதலாளியிடமிருந்து போன் வந்துவிடும். உடனே ஆள் ஏற வேண்டும்.

எங்களிடம் அந்த வேலைக்கென்றே ஓர் அண்ணன் இருந்தார். இடுப்பில் கயிறு, தோளில் பை, பையில் துணி சுற்றிய கண்ணாடிக் குழாய்கள். குழாய் மாற்றத்தான் ஏறுவார். இறங்கி வந்து சொல்வது வேறாக இருக்கும். “சார், டியூப் மாத்தியாச்சு. ஆனா பின்னாடி மூணாவது காலு கரையுது, ஒரு நட்டு கையாலேயே சுத்துது” என்பார். அடுத்த நாள் வெல்டர் போவார். யாரும் பரிசோதனை என்று பெயர் வைக்கவில்லை. அதற்குப் படிவம் இல்லை, கட்டணம் இல்லை. விளக்கு அடிக்கடி கெட்டதால், மாதம் ஒருமுறை ஒரு மனிதக் கண் அந்த இரும்பின் மேல் பட்டுக்கொண்டிருந்தது.

பிறகு எல்.இ.டி. வந்தது. நானே எத்தனையோ நியான் பலகைகளை எல்.இ.டி.க்கு மாற்றிக் கொடுத்திருக்கிறேன். நல்ல சரக்கு, குறை சொல்ல மாட்டேன். 12 வோல்ட் போதும். கரண்ட் செலவு குறைவு. பாதரசம் இல்லை. நல்ல எல்.இ.டி. 50,000 மணி நேரம் உழைக்கும் என்பது தொழில் கணக்கு. இரவு முழுக்க 12 மணி நேரம் எரித்தால் பதினோரு ஆண்டுக்கு மேல். மாலை ஆறு முதல் பதினொன்று வரை மட்டும் எரித்தால் கணக்குப்படி 27 ஆண்டு. முதலில் கெடுவது பவர் சப்ளைதான். அதையும் கை எட்டும் இடத்தில், படிக்கட்டு அறைக்குள்ளேயே வைத்துவிடுகிறோம்.

விளைவு என்ன? மேலே ஏற வேண்டிய அவசியமே போய்விட்டது. விளக்கு கெடுவதில்லை, அதனால் ஆள் ஏறுவதில்லை. ஆள் ஏறாததால் இரும்பை யாரும் பார்ப்பதில்லை. கடற்காற்று மட்டும் நாள் தவறாமல் வேலைக்கு வந்துகொண்டிருக்கிறது. கால்வனைஸ் செய்த இரும்பாகவே இருக்கட்டும். மாடியில் வைத்து வெட்டி வெல்டிங் அடித்த இடத்தில் அந்தப் பூச்சு கருகிப் போயிருக்கும். துரு அங்கேதான் பிறக்கும். பல கட்டடங்களில் நியானை எல்.இ.டி.யாக மாற்றியபோது எழுத்தை மட்டும் மாற்றி, பழைய சட்டத்தை அப்படியே வைத்துக்கொண்டார்கள். முகத்துக்கு வயது ஐந்து, முதுகெலும்புக்கு வயது முப்பது. கீழிருந்து பார்த்தால் புதுப் பலகை போலத்தான் பளபளக்கும்.

இதைவிட மோசமான ஒன்றும் நடக்கிறது. கடை மாறுகிறது, பழைய எழுத்துகளைக் கழற்றுகிறார்கள், சட்டம் சும்மாத்தானே நிற்கிறது என்று அதில் ஃபிளெக்ஸ் கட்டிவிடுகிறார்கள். எழுத்துகளுக்கு நடுவே காற்று புகுந்து போகும். அதற்குத்தான் அந்தச் சட்டத்தின் கணக்கு. ஃபிளெக்ஸ் கட்டியதும் அது பாய்மரமாகிவிடும். கணக்குப் போட்டதற்குப் பல மடங்கு சுமை, அதே நான்கு போல்ட்டுகளில்.

கதை சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். 2024 மே 13 அன்று மும்பை காட்கோபரில் பெட்ரோல் பங்க் மேல் சாய்ந்த விளம்பரப் பலகை 17 பேரைக் கொன்றது. ஏறக்குறைய 120 அடிக்கு 120 அடி. அந்த நகரில் அனுமதிக்கப்பட்ட அளவு 40 அடிக்கு 40 அடி. அன்று அடித்தது, மும்பைக்குத் தர நிர்ணயம் சொல்லும் காற்றைவிட மிகக் குறைந்த காற்று. 2023 ஜூன் தொடக்கத்தில் கோவை கருமத்தம்பட்டி அருகே பலகை மாட்டும் வேலையில் இருந்தபோது சட்டம் சரிந்து மூன்று தொழிலாளர்கள் இறந்தார்கள். 2018 அக்டோபரில் புனேயில் பழைய பலகையின் சட்டத்தை அகற்றும் வேலையின்போதே அது சாலையில் சாய்ந்து நான்கு பேர் இறந்தார்கள். இவை தரையில் நின்றவை. மாடியில் நிற்பதற்கும் அதே இரும்பு, அதே காற்று, விழும் தூரம் மட்டும் அதிகம். தீயும் உண்டு. 2023 ஏப்ரலில் சென்னை அண்ணா சாலை எல்.ஐ.சி. கட்டடத்தின் உச்சியில் இருந்த பெயர்ப் பலகையில் தீப்பிடித்ததைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். நல்லவேளை, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

இப்படி நடக்கும்போதெல்லாம் ஒரு வாரம் பரபரப்பு. அனுமதி இருந்ததா, இல்லையா என்று மட்டும் கேட்கிறோம். அனுமதி என்பது ஏற்றிய நாளின் கதை. உரிமத்தைப் புதுப்பிப்பது மேசையில் நடக்கும் வேலை, பலகையின் பின்பக்கம் போய்ப் பார்ப்பது வேறு வேலை. முதலாவதுக்குப் பணம் கட்டினால் போதும்.

நம் ஊரில் ஒரு சொந்தக் காருக்குப் பதிவு 15 ஆண்டு. அதன் பிறகு வண்டியைக் கொண்டுபோய்க் காட்டித்தான் புதுப்பிக்க வேண்டும். ஆட்டோவுக்கு எஃப்.சி. உண்டு. பலர் தலைக்கு மேலே நிற்கும் ஒரு டன் இரும்புக்கு மட்டும் எஃப்.சி. வேண்டாமா?

ஹாங்காங் நம்மைப் போலவே கடலும் புயலும் உள்ள ஊர். பலகைகளுக்குப் பேர்போன ஊரும்கூட. அங்கே 2013-ல் ஒரு திட்டம் கொண்டுவந்தார்கள். முறையான அனுமதி இல்லாமல் ஏற்கனவே மாட்டப்பட்ட, குறிப்பிட்ட அளவுக்கு உட்பட்ட பலகைகளைத் தகுதி பெற்ற ஒருவர் சோதித்து, தேவையான இடத்தில் பலப்படுத்தி, சான்று கொடுத்தால் தொடர்ந்து வைத்துக்கொள்ளலாம். ஐந்து ஆண்டு கழிந்ததும் மறுபடி சோதனை. எனக்கு இதில் பிடித்தது அந்த ஐந்து ஆண்டுதான். யாரோ ஒருவர் ஏறித்தான் ஆக வேண்டும்.

இதற்கு மறுப்பு உண்டு என்பது தெரியும். அங்கே பழைய நியான் பலகைகள் நூற்றுக்கணக்கில் இறக்கப்பட்டன, ஊரின் அழகே போய்விட்டது என்று வருத்தப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கும் அந்த வருத்தம் உண்டு. நியான் வளைத்த கைகளை அருகிலிருந்து பார்த்தவன் நான். ஆனால் ஓய்வு என்றால் அழிவு என்று அர்த்தமில்லை. சாமிஸ் கிச்சன் என்ற உணவகத்தின் மாடு வடிவ நியான் பலகையை 2015-ல் இறக்கினார்கள். அது இன்று எம் பிளஸ் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது. நம் ஊர்ப் பழைய நியான் எழுத்துகளில் ஒன்றையாவது இப்படி வைத்திருக்கிறோமா? எல்லாம் எடைக்குப் போயின.

இன்னொரு மறுப்பு செலவு. ஒரு கட்டட உரிமையாளரிடம் சட்டத்தைச் சோதிக்க வேண்டும் என்று போய்ச் சொன்னேன். “லைட் எரியுதுல்ல?” என்று கேட்டார். “எரியுது சார்” என்றேன். “அப்புறம் என்ன?” என்றார். அவரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. செலவு செய்யச் சொல்லி அவரை எந்த விதியும் கட்டாயப்படுத்தவில்லை. உண்மையில் அது பெரிய செலவும் இல்லை. இரண்டு பேர், ஒரு நாள், சேஃப்டி பெல்ட், ஒரு ஸ்பேனர், ஒரு சுத்தியல், கம்பித் தூரிகை. பலகைக்கு அவர் கொடுத்த பணத்தில் இது சில்லறை.

நான் கேட்பது நான்கு விஷயம்.

ஒன்று, ஒவ்வொரு பலகையின் பின்னாலும் ஒரு தகடு. ஏற்றிய தேதி, எந்தக் காற்று வேகத்துக்குக் கணக்கிட்டது, கணக்கிட்ட பொறியாளர் யார், எத்தனை போல்ட்டுகள், எந்த அளவு. இருபது ஆண்டு கழித்து ஏறுகிறவருக்கு அந்தத் தகடுதான் ஜாதகம். இப்போது ஒரு பழைய சட்டத்தைப் பார்க்கப் போனால் வரைபடமும் இருப்பதில்லை, வரைந்தவரும் இருப்பதில்லை.

இரண்டு, ஆண்டுக்கு ஒருமுறை, வடகிழக்குப் பருவமழைக்கு முன் ஓர் ஏற்றம். ஒவ்வொரு நட்டையும் ஸ்பேனர் வைத்துப் பார்க்க வேண்டும். புயல் கடந்த பிறகு இன்னொரு முறை. 2016 டிசம்பரில் வர்தா சென்னையைக் கடந்தபோது விழுந்தவற்றை எல்லாரும் எண்ணினார்கள். விழாமல் அசைந்து கொடுத்து நின்றவையும் உண்டு. அவற்றின் போல்ட்டுகள் அன்றைக்கு எவ்வளவு இளகின என்று எத்தனை பேர் பார்த்தார்கள்?

மூன்று, 15 ஆண்டில் கட்டாய ஓய்வு. விளக்கு எவ்வளவு பிரகாசமாக எரிந்தாலும் சரி. கட்டமைப்புப் பொறியாளர் ஏறிப் பார்த்துச் சான்று கொடுத்தால் ஐந்து ஆண்டு பணி நீட்டிப்பு. இல்லையென்றால் இறக்கிவிட வேண்டியதுதான்.

நான்கு, இறக்கும் செலவை ஏற்றும்போதே வைப்புத் தொகையாகக் கட்டிவிட வேண்டும். ஏற்றுவதைவிட இறக்குவது ஆபத்து. ஏற்றும்போது இரும்பு புதிது, அதன் பலம் தெரியும். இறக்கும்போது எந்தக் கால் உண்மையில் தாங்கிக்கொண்டிருக்கிறது என்று தெரியாமல்தான் வெட்டத் தொடங்குகிறார்கள். நிறுவனம் மூடிப்போனால் இறக்கக் காசில்லாமல் பலகை அப்படியே நிற்கும். கடைசியில் யாரோ ஒரு பழைய இரும்புக் கடைக்காரரிடம், இரும்பை எடுத்துக்கொள், கூலி கிடையாது என்று பேசி முடிப்பார்கள். அவர் இரண்டு பையன்களைக் கயிறு மட்டும் கொடுத்து ஏற்றுவார். இந்த வேலையில் சாவது பெரும்பாலும் அப்படிப்பட்ட பையன்கள்தான். அவர்கள் பெயர் செய்தியில்கூட முழுசாக வருவதில்லை.

அரசு செய்யும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. என்னைப் போல ஓய்வு பெற்றவர்கள் பலர் குடியிருப்போர் சங்கத்தில் இருக்கிறீர்கள். சொந்தக் கட்டடத்தை வங்கிக்கோ கடைக்கோ வாடகைக்கு விட்டவர்களும் இருக்கிறீர்கள். உங்கள் மொட்டைமாடியில் பலகை இருந்தால் பகலில் ஒருமுறை அதன் பின்பக்கம் போய்ப் பாருங்கள். விளிம்புக்குப் போக வேண்டாம், எதன் மேலும் ஏற வேண்டாம். நின்ற இடத்திலிருந்தே தெரியும். கால் தகட்டைச் சுற்றித் துருத் தண்ணீர் வழிந்த கறை இருக்கிறதா? பிடித்த இடத்தில் சுவர் விரிந்திருக்கிறதா? போல்ட்டுகளில் நட்டு இல்லாமல் ஏதாவது நிற்கிறதா? சட்டத்தில் யாராவது பிறகு ஃபிளெக்ஸ் கட்டியிருக்கிறார்களா, டிஷ் ஆன்டெனா மாட்டியிருக்கிறார்களா? ஒயர் தோல் உரிந்து கிடக்கிறதா? இவற்றில் ஒன்றுக்கு ஆம் என்றாலும், பலகைக்காரரை அழைத்து எழுத்து மூலமாகக் கேளுங்கள். வாய்ப்பேச்சு வேண்டாம். கடிதம் கொடுத்தால்தான் ஆள் வரும்.

வாடகை ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்: ஆண்டுக்கு ஒருமுறை சட்டத்தைச் சோதித்துச் சான்று தருவதும், காலி செய்யும்போது பலகையோடு சட்டத்தையும் இறக்குவதும் வாடகைதாரரின் பொறுப்பு. வக்கீல் இதற்குத் தனிக் கட்டணம் கேட்க மாட்டார். அக்டோபர் மழைக்கு முன் இந்த இரண்டையும் செய்துவிடுங்கள்.